கைக்குழந்தையுடன் சிங்கப்பூர்க் கப்பல் பயணம்: ஒரு பயண முகவரின் ஆவணச் சேவை எப்படி இருந்தது?

சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு சென்று, மீண்டும் சிங்கப்பூரிலேயே இறங்கும் மூன்று இரவுக் கப்பல் பயணத்துக்கு ஒன்றரை வயது மகளையும் என் தாயாரையும் அழைத்துச் செல்ல, சென்னை தியாகராய நகரில் உள்ள ஒரு பயண முகவரின் குடும்பத் தொகுப்பை எடுத்துக்கொண்டோம். விமானச் சீட்டு, கப்பல் அறை, விசா, குழந்தைக்கான ஆவண உதவி ஆகிய நான்கும் அந்தத் தொகுப்பில் அடக்கம். கப்பலின் சாப்பாட்டைப் பற்றியும் நீச்சல் குளத்தைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள்; குழந்தையின் ஆவணங்களைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதியவர்களை நான் காணவில்லை என்பதால், அந்த நான்காவது சேவையை மட்டும் இங்கே எடைபோடுகிறேன். முகவரின் பெயரைத் தவிர்க்கிறேன். அவர்களிடம் கண்ட குறைகள் அவர்களுக்கு மட்டுமே உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குறைகளின் வேர் ஒன்றுதான். கப்பலை அவர்கள் சிங்கப்பூர்ச் சுற்றுலாவுக்கு நடுவே வரும் ஒரு தங்கும் விடுதியைப் போலக் கருதினார்கள். குடியேற்றத் துறையின் கணக்கிலோ, கப்பல் ஏறுவது என்பது நாட்டை விட்டு வெளியேறுவது, இன்னொரு நாட்டுக்குள் நுழைவது, பிறகு முதல் நாட்டுக்குள் மறுபடியும் நுழைவது என்ற மூன்று செயல்கள். கையில் தூக்கிச் செல்லும் குழந்தையும் இந்த மூன்றையும் தன் சொந்தப் பெயரில், தன் சொந்த ஆவணங்களுடன் செய்தாக வேண்டும்.

பாராட்ட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் பாஸ்போர்ட் விஷயத்தில் அந்த அலுவலகத்தில் இருந்த பெண்மணி மிகத் தெளிவாக வழிகாட்டினார். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும் என்று 2025இல் பாஸ்போர்ட் விதிகள் திருத்தப்பட்டிருப்பதை அவர் முதல் பேச்சிலேயே குறிப்பிட்டார். அடுத்து அவர் கேட்டது, சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்பது. நம் ஊரில் பெரும்பாலும் மருத்துவமனை மூலமாகவே பிறப்பு பதிவாகிவிடுகிறது. பெயர் சூட்டும் சடங்கு அதற்குப் பிறகுதான் நடக்கிறது. ஆகவே முதலில் கையில் கிடைக்கும் சான்றிதழில் தாய், தந்தை, முகவரி, மருத்துவமனை எல்லாம் இருந்தும் குழந்தையின் பெயருக்கான இடம் மட்டும் வெறுமையாக இருப்பது வெகு சாதாரணம். பிறப்பைப் பதிவுசெய்த அலுவலகத்தில் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். பெயர் ஏறிய புதிய சான்றிதழை இணையத்திலிருந்தே பதிவிறக்கிக்கொள்ள முடிகிறது, கியூ.ஆர். குறியீட்டுடன் வரும் அந்தப் பிரதியைப் பாஸ்போர்ட் சேவை மையத்தில் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள்.

பாஸ்போர்ட் சேவை மையத்தைப் பற்றியும் நல்ல விதமாகவே எழுத வேண்டும். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் மையங்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு அங்கேயே புகைப்படம் எடுத்துவிடுகிறார்கள் என்றாலும், 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வெள்ளைப் பின்னணியில் 4.5 செ.மீ. உயரமும் 3.5 செ.மீ. அகலமும் கொண்ட படத்தை நாமே கொண்டுசெல்ல வேண்டும். இந்தச் சிறு படத்துக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பாடு. ஸ்டூடியோக்காரர் என் மடியில் வெள்ளை வேட்டியைக் கரை தெரியாதபடி மடித்துப் போட்டு, என் கை படத்தில் விழாமல் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் வேட்டிக்குள் ஒளித்து, என் மனைவி கேமராவுக்கு மேலே சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருக்க, வாய் மூடி, கண் திறந்து, நேராகப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து எடுத்தார். விண்ணப்பத்துடன் தாய் தந்தை இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு டி என்ற உறுதிமொழியும், இருவருடைய பாஸ்போர்ட்டுகளின் அசலும் நகலும் வேண்டும். தாயின் பாஸ்போர்ட் திருமணத்துக்கு முன்பு எடுத்ததாக இருந்து கணவரின் பெயர் அதில் ஏறாமல் இருந்தால், திருமணப் பதிவுச் சான்றிதழையும் எடுத்துச் செல்வது நல்லது. பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் இருந்து கையெழுத்திட முடியாத நிலையில் இருந்தால் இணைப்பு சி என்ற வேறு படிவம் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இயல்பான கட்டணம் 1,000 ரூபாய். 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதில் 10 சதவீதம் தள்ளுபடி. குழந்தையின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளே செல்லும் என்பதையும், பயணத்தின்போது குறைந்தது 6 மாதக் காலம் மீதமிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உண்மையில் பயன்படுவது நாலரை ஆண்டுகள்தான்.

இனி, தமிழர்களுக்கே உரிய பெயர்ச் சிக்கலுக்கு வருகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. பாஸ்போர்ட்டிலோ தலைப்பெழுத்தை அப்படியே போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். நிலா என்ற குழந்தையின் தந்தை கதிரவன் என்றால், குடும்பப் பெயருக்கான கட்டத்தில் கதிரவன் என்று போடுவது ஒரு வழி. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு நிலா கதிரவன் என்று முழுவதையும் பெயருக்கான கட்டத்திலேயே எழுதுவது இன்னொரு வழி. இரண்டும் செல்லும். ஆனால் விமான நிறுவனத்தின் படிவமும் கப்பல் நிறுவனத்தின் படிவமும் குடும்பப் பெயர் இல்லாமல் நகரவே நகராது. இந்த நிலையில் முகவர்கள் தங்கள் வசதிப்படி எதையாவது நிரப்பிவிடுகிறார்கள். எங்கள் தொகுப்பில், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாத என் தாயாருக்கு விமானச் சீட்டில் ஒரு விதமாகவும் கப்பல் பதிவில் வேறு விதமாகவும் பெயர் விழுந்திருந்தது. குழந்தையின் பெயரோ கப்பல் பதிவில் முன்னும் பின்னுமாக மாறியிருந்தது. சுட்டிக்காட்டியதும் திருத்திக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை சரிபார்த்திருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்புகளே தேவைப்பட்டிருக்காது. புதிதாகக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுப்பவர்களுக்கு என் யோசனை, குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ நிரப்பிவிடுங்கள்; பிற்காலத்தில் எத்தனையோ படிவங்களில் அது தலைவலியைக் குறைக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் இந்த விஷயத்தில் நம்மைக் குழப்பிவிடுவார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் என் அத்தை மகள், குழந்தைக்குப் பாஸ்போர்ட் எதற்கு, பிறப்புச் சான்றிதழின் நகல் போதுமே என்று அடித்துச் சொன்னாள். அவளுடைய ஊரில் அது சரிதான்: அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் புறப்பட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பல்களில், 16 வயதுக்கு உட்பட்ட அமெரிக்கக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழை மட்டும் காட்டி நாடு திரும்பலாம் என்று 2009 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி அனுமதிக்கிறது. அவளுடைய மகன் அமெரிக்காவில் பிறந்தவன் என்பதால் அவனுக்கு அந்தச் சலுகை உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கும் அவளுக்கே கிடையாது. இந்தியக் குழந்தை சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குக் கப்பலில் போவதற்கும் இந்த விதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இணையத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அந்த அமெரிக்கப் பயணங்களைப் பற்றியவை என்பதைப் படிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

விசாதான் இந்தச் சேவையின் மையம். அதில்தான் முகவர் சறுக்கினார். சிங்கப்பூர் விசாவுக்கு இந்தியர்கள் பொதுவாக அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலமாகவோ, சிங்கப்பூரில் உள்ள உறவினரோ நண்பரோ அங்கிருந்து விண்ணப்பிப்பதன் மூலமாகவோதான் பெற முடியும் என்பதால், முகவரைத் தவிர்ப்பது பலருக்குச் சாத்தியமில்லை. சிங்கப்பூர் அரசின் கட்டணம் தலைக்கு 30 சிங்கப்பூர் டாலர்; குழந்தைக்கும் அதே கட்டணம், விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. விண்ணப்பத்தை அனுப்பிய சில நாட்களில் எல்லோருக்கும் இ-விசா வந்துவிட்டது என்று முகவர் வாட்ஸ்அப்பில் கோப்புகளை அனுப்பி, வாழ்த்தும் சொல்லிவிட்டார். அந்த ஒற்றைப் பக்கத் தாளில் செல்லுபடியாகும் தேதிக்கு அருகில், எத்தனை முறை நுழையலாம் என்பதைக் காட்டும் வரி ஒன்று உண்டு. பெரியவர்கள் மூவருக்கும் பலமுறை நுழையலாம் என்றும், குழந்தைக்கு ஒரே முறை என்றும் அது இருந்தது. விமானத்தில் வந்து இறங்கும்போது அந்த ஒரே முறை தீர்ந்துவிடும். பினாங்கிலிருந்து கப்பல் திரும்பி வரும்போது குழந்தையிடம் விசா இருக்காது. கப்பல் நிறுவனங்கள் இந்தக் காரணத்துக்காகவே, விசா தேவைப்படும் நாட்டவர்கள் பலமுறை நுழையும் விசாவுடன் வர வேண்டும் என்று கேட்கின்றன. அது இல்லாதவரைக் கப்பலில் ஏற்ற மறுக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

எந்த வகை விசா தருவது என்பதைச் சிங்கப்பூர் அரசுதான் தீர்மானிக்கிறது. அதற்காக முகவரைக் குறைகூறவில்லை. வந்த தாளைப் படித்துப் பார்க்காமல் அப்படியே அனுப்பிவைத்ததுதான் என் குறை. நாங்கள் கேட்டபோது முதலில் வந்த பதில், குழந்தைதானே சார், கேட்க மாட்டார்கள் என்பது. கப்பல் பதிவின் நகலை இணைத்துக் குழந்தைக்கு மறுபடி விண்ணப்பிக்கச் சொன்ன பிறகு, பலமுறை நுழையும் விசா வந்தது. இரண்டாவது விண்ணப்பத்துக்கான அரசுக் கட்டணத்தை எங்களிடமே வாங்கிக்கொண்டார்கள்; சேவைக் கட்டணத்தை மட்டும், சற்று வாக்குவாதத்துக்குப் பிறகு, விட்டுக்கொடுத்தார்கள்.

மலேசியப் பக்கம் இப்போதைக்கு எளிது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குச் செல்லும் சலுகை நடப்பில் இருக்கிறது, ஆனால் எம்.டி.ஏ.சி. எனப்படும் டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், ஆளுக்கொன்றாக நிரப்ப வேண்டும். புக்கெட் வரை செல்லும் கப்பல்களில் போகிறவர்கள், தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதே போன்ற அட்டையைக் கொண்டுவந்திருப்பதால், தங்கள் பயணத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைக் கப்பல் நிறுவனம் அனுப்பும் கடிதத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

சிங்கப்பூர் வருகை அட்டைதான் கொஞ்சம் நுணுக்கமானது. வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள்தான் அதை நிரப்ப முடியும்; கட்டணம் எதுவும் கிடையாது. விமானத்தில் வரும்போது ஒருமுறை, கப்பலில் திரும்பும்போது இன்னொரு முறை என்று இரண்டு தடவை நிரப்ப வேண்டும். இரண்டாவதில் பயண வழியாகக் கடலைத் தேர்ந்தெடுத்துக் கப்பலின் பெயரைக் குறிப்பிட வேண்டும். மூன்று இரவுப் பயணத்தில், கப்பல் ஏறும் நாளன்று இந்த இரண்டாவது அட்டையை நிரப்ப முயன்றால் தேதி ஏற்காது, ஏனென்றால் திரும்பும் நாள் நான்காவது நாள். எனவே கப்பலின் விலையுயர்ந்த இணைய இணைப்பிலோ, பினாங்கில் கரையிறங்கியதும் கைப்பேசியிலோதான் அதைச் செய்ய முடியும். எல்லா அட்டைகளையும் சென்னையிலேயே முடித்துத் தருகிறோம் என்று முகவர் சொன்னதும், அதற்கென்று தலைக்கு ஒரு தொகை வாங்கியதும் இந்தக் கணக்கில் எப்படிப் பொருந்தும் என்று அவரிடமே கேட்டேன். தெளிவான பதில் வரவில்லை.

அதைவிட வேடிக்கை முதல் அட்டையில் நடந்தது. சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற விவரம் அடங்கிய இ-பாஸ், வருகை அட்டையில் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு வந்துசேரும். எங்கள் மூவருக்கும் எங்கள் முகவரிகளைப் போட்ட முகவர், குழந்தைக்கு மின்னஞ்சல் இல்லை என்று கருதித் தன் அலுவலக முகவரியைப் போட்டிருந்தார். சாங்கியில் இறங்கி விடுதிக்குப் போன பிறகு மூவருக்கு இ-பாஸ் வந்தது, நான்காவது வரவில்லை. அது தியாகராய நகரில் யாரோ ஒருவருடைய கணினியில் உட்கார்ந்திருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. குழந்தையின் அட்டையைப் பெற்றோரே, தங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து நிரப்புவதுதான் சரி. அதற்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

கப்பல் அறைப் பதிவில் இன்னொரு தவறான பழக்கத்தையும் கண்டேன். விமானத்தில் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருக்கை கிடையாது, மடியில் வைத்துக்கொள்ளலாம். கப்பலில் அந்த வழக்கமே இல்லை. உயிர்காப்புப் படகுகளின் கொள்ளளவு தலைக்கணக்கில் வருவதால், கைக்குழந்தையும் ஒரு முழுப் பயணியாக அறைக் கணக்கில் சேர்கிறது. முகவர் கொடுத்த முதல் மதிப்பீட்டில் மூன்று பேருக்கான அறையைப் போட்டு, குழந்தையைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். அறை நிரம்பிவிட்டால் பின்னர் சேர்க்க வழியே இருக்காது. வயது வரம்பையும் கவனிக்க வேண்டும். ராயல் கரீபியன் உள்ளிட்ட நிறுவனங்கள் பயணம் தொடங்கும் நாளில் குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன. பெருங்கடலைக் கடப்பது போன்ற நீண்ட பயணங்களுக்கு 12 மாதம். பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதியை வைத்துத்தான் இதைப் பார்ப்பார்கள்.

தாய் தந்தை இருவரும் உடன் சென்றதால் சம்மதக் கடிதம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. இருந்தாலும் தாத்தா பாட்டியோ சித்தியோ குழந்தையை அழைத்துச் செல்வதாக இருந்தால், பெற்றோரில் ஒருவராவது கையெழுத்திட்டு நோட்டரி முன்னிலையில் சான்றுபெற்ற அசல் கடிதத்தை ராயல் கரீபியன் கேட்கிறது. தந்தை வளைகுடாவில் இருக்க, தாய் மட்டும் குழந்தையுடன் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். தாயின் பாஸ்போர்ட்டில் அவருடைய தந்தையின் பெயரும், குழந்தையின் பாஸ்போர்ட்டில் கணவரின் பெயரும் குடும்பப் பெயராக இருக்கும்போது, இருவருக்கும் உள்ள உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழின் பிரதியும் தந்தையின் சம்மதக் கடிதமும் கைப்பையில் இருப்பது நிம்மதி. இந்தக் கடிதத்தின் மாதிரியை முகவர் கேட்காமலேயே அனுப்பிவைத்தார் என்பதை அவருடைய கணக்கில் நல்லதாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

புறப்படும் நாளன்று, 2012இல் திறக்கப்பட்ட மரினா பே கப்பல் முனையத்தில் எல்லாம் சீராகவே நடந்தது. பெட்டிகளை ஒப்படைத்த பிறகு, குடியேற்றச் சோதனைக்கு முன்பாகவே கப்பல் நிறுவன ஊழியர்கள் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்க்கிறார்கள். குழந்தையின் இ-விசாத் தாளை அந்தப் பெண் ஊழியர் விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்து, எத்தனை முறை என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, பிறகுதான் தலையசைத்தார். தானியங்கிக் குடியேற்ற வாயில்களைச் சிறு குழந்தைகள் பயன்படுத்த முடியாது என்பதால், கைக்குழந்தை உள்ள குடும்பம் மொத்தமாக அதிகாரி அமர்ந்திருக்கும் சாளரத்துக்குப் போய்விடுவது நல்லது. ஆவணங்களைத் தாளில் அச்சிட்டுக்கொண்டு போங்கள். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கைப்பேசியில் கோப்பைத் தேடுவது வரிசையில் நிற்கிறவர்களுக்கும் தண்டனை.

மொத்தத்தில் இந்த ஆவணச் சேவைக்கு ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். பாஸ்போர்ட் வழிகாட்டலுக்கும் சம்மதக் கடிதத்துக்கும் முழு மதிப்பெண். விசாத் தாளைப் படிக்காததற்கும், இலவசமான வருகை அட்டைக்குப் பணம் வாங்கியதற்கும், குழந்தையின் இ-பாஸைத் தன் அஞ்சல் பெட்டிக்கு வரவழைத்ததற்கும் கழிவு. இதே முகவரிடம் மறுபடியும் போவேனா என்றால், விசாவுக்கு மட்டும் போவேன், அதுவும் இது கப்பல் பயணம், பலமுறை நுழையும் விசா வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான். வருகை அட்டைகளுக்கான தொகையைத் தொகுப்பிலிருந்து கழித்துவிடச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்குப் பிறகு அதே அலுவலகத்தில் பதிவுசெய்த என் சக ஊழியர் ஒருவருக்கு, கேட்டதும் கழித்துக் கொடுத்திருக்கிறார்கள்.